போலீஸ் அகாடமி ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி?

கேள்வி இதுதான்: "போலீஸ் அகாடமியில் சேர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டரை 12 நிமிடம் 30 வினாடிக்குள் ஓட வேண்டும். எனக்கு இப்போது 15 நிமிடம் ஆகிறது. தினமும் காலையில் அதே தூரத்தை முழு வேகத்தில் ஓடுகிறேன். ஒரு மாதமாக நேரம் குறையவே இல்லை, கணைக்காலில் வலி வேறு ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?"

முதல் வேலையாக, தினமும் தேர்வை ஓடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். நீங்கள் செய்துகொண்டிருப்பது பயிற்சி இல்லை, பரீட்சை. பரீட்சையைத் தினமும் எழுதுவதால் பாடம் ஏறாது. போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மனதில் ஒரு தூரம், ஒரு நேரம், ஒரு ஸ்டாப்வாட்ச் மட்டும் இருக்கும். தினமும் மூச்சு முட்ட ஓடுவார்கள், தினமும் ஏறக்குறைய அதே நேரம்தான் வரும், கடைசியில் கால் வலிக்கும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். தேர்வு வெறும் நுழைவாயில்தான். உள்ளே போன பிறகு வாரத்தில் பல நாள் ஓட வேண்டியிருக்கும். அதுவும் தூக்கம் குறைந்த காலையில், முந்தின நாள் பி.டி.யில் உட்கார்ந்து எழுந்த தொடை வலியோடு, வேறொருவர் வைக்கும் வேகத்தில். அகாடமி பார்ப்பது ஒரே ஒரு நாள் நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினீர்கள் என்பதை இல்லை. இன்றைக்கு ஓடிய கால் நாளைக்கும் ஓடுமா, அடுத்த மாதமும் ஓடுமா என்பதைத்தான். அந்தக் காலைத் தயார் செய்தால் 12:30 தானாக வரும். 12:30-க்கு மட்டும் தயார் செய்தால் அந்தக் கால் கிடைக்காமலே போகலாம்.

இந்த 2.4 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எப்படிப் பயிற்சி செய்வது என்பதும் புரியும். அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்த கென்னத் கூப்பர் 1968-ல் 12 நிமிட ஓட்டச் சோதனையை வெளியிட்டார். ஒருவர் 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதை வைத்து, அவர் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று கணிக்கலாம் என்பது அதன் அடிப்படை. ஒன்றரை மைல் ஓட்டம், அதாவது 2.4 கிலோமீட்டர், அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சில இடங்களில் இதற்குப் பதிலாக 'பீப்' ஒலிக்கு ஏற்ப இரு கோடுகளுக்கு நடுவே போய்த் திரும்பும் ஷட்டில் ஓட்டம் வைக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த லூக் லெஜே 1982-ல் வெளியிட்ட 20 மீட்டர் சோதனை அதற்கு முன்னோடி. இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸில் 15 மீட்டர் கோடுகளுக்கு நடுவே ஓடி 5.4 என்ற நிலையைத் தொட வேண்டும். பெயரும் தூரமும் மாறினாலும் எல்லாமே அளப்பது ஒன்றைத்தான்: இதயமும் நுரையீரலும் தசையும் சேர்ந்து ஆக்சிஜனை எவ்வளவு நன்றாகக் கையாள்கின்றன என்பதை.

12 நிமிட ஓட்டத்தில் உடலுக்குத் தேவையான சக்தியில் மிகப் பெரும் பங்கு ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. அந்தத் திறனைக் கட்டி எழுப்புவது மெதுவான, நீண்ட ஓட்டம். இதைச் சொன்னால் நிறைய பேர் நம்புவதில்லை, மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும் என்று கேட்பார்கள். மெதுவாக ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன, சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகிறது. இதெல்லாம் நடக்க நேரம் வேண்டும். முழு வேகத்தில் 15 நிமிடம் ஓடி மடங்கி உட்கார்ந்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை. மெதுவாக என்றால் வாரத்துக்கு மூன்று நான்கு முறை, 40 நிமிடம் வரைகூட ஓட முடியும். மறுநாள் காலும் ஒத்துழைக்கும்.

எவ்வளவு மெதுவாக? இதயத் துடிப்பு மானி கட்டாயம் இல்லை, பேசிப் பாருங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும். நான்கைந்து சொல்லிலேயே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். தேர்வில் கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடம் ஓடுகிற உங்களுக்கு மெதுவோட்டம் என்பது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடமோ எட்டு நிமிடமோ இருக்கும். நடக்கிற மாதிரிகூடத் தோன்றும். பக்கத்தில் வயதானவர் ஒருவர் கடந்து போவார். போகட்டும். இந்த இடத்தில்தான் ரோஷம் வந்து வேகத்தைக் கூட்டிவிடுகிறோம், இந்த இடத்தில்தான் பயிற்சியும் கெடுகிறது.

சரி, கணைக்கால் வலிக்கு வருவோம். இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஓட ஆரம்பித்தவுடன் இதயமும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பு அப்படி இல்லை. புதுச் சுமை வந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி இறுகுவதற்கு மாதங்கள் ஆகும். நடுவில் ஒரு காலம், உங்கள் மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும், எலும்போ தன் பலவீனமான நிலையில் இருக்கும். ராணுவத்திலும் போலீஸிலும் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சியின் ஆரம்ப மாதங்களில் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது இதனால்தான். முன்பு ஓடிப் பழக்கமே இல்லாமல் நேராக உள்ளே போகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இந்த நான்கு மாதத்தை நீங்கள் எலும்புக்குக் கொடுக்கும் அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வலியை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டை விரலால் மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்தாறு விரல்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்துச் சூடானதும் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய உறையும் தசையும் படும் அவதி. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, புல் அல்லது மண் தரைக்கு மாறினால் சில வாரங்களில் தணியும். ஆனால் ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி வைக்கிற இடத்தில் மட்டும் சுரீரென்று வலிக்கிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடம் வலிக்கிறதா? இரவில் படுத்திருக்கும்போதும் வலி இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓடுவதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆரம்ப விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு, ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற சொல்லை மட்டும் நம்பி மறுபடி ஓடாதீர்கள். வலி தொடர்ந்தால் தொடர்கிறது என்று திரும்பவும் போய்ச் சொல்லுங்கள். அதே போல் ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் இதய நோயால் யாராவது இறந்திருந்தாலோ, பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வலி பரவலான வகைதான் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். நான்கு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆறு சுற்று. வலி கூடினால் ஓட்டத்தைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். ஓடாத நாளில் சைக்கிளோ நீச்சலோ வைத்துக்கொண்டால் மூச்சுத் திறன் இறங்காது. அதன் பிறகு நடையை எடுத்துவிட்டு, தொடர்ச்சியாக 25 நிமிடம், 30 நிமிடம் என்று ஏற்றுங்கள். வாரத்துக்கு மொத்தம் 12 கிலோமீட்டரில் ஆரம்பித்து, மூன்றாம் மாத முடிவில் 25 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்தால் போதும். ஒவ்வொரு வாரமும் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் கொஞ்சம் இறக்குங்கள். எலும்பு கட்டிக்கொள்ள அந்த இறக்கம் உதவும்.

வேகப் பயிற்சி ஐந்தாவது அல்லது ஆறாவது வாரத்தில் ஆரம்பிக்கட்டும், வாரத்துக்கு ஒரே ஒரு நாள். 2.4 கிலோமீட்டர் என்பது 400 மீட்டர் டிராக்கில் ஆறு ரவுண்டு. 12:30 வேண்டுமானால் ஒரு ரவுண்டுக்கு 2 நிமிடம் 5 வினாடி. இப்போது உங்களுக்கு ஒரு ரவுண்டு இரண்டரை நிமிடம் ஆகிறது. ஆக, முதலில் 400 மீட்டரை 2:20-ல் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இப்படி ஆறு முறை. ஆறாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசி இரண்டில் நேரம் நழுவினால் ஆரம்பத்தில் வேகம் கூடிவிட்டது என்று பொருள். ஆறும் ஒரே மாதிரி வந்த பிறகு 2:15, அப்புறம் 2:10, அப்புறம் 2:05. நேரம் கைக்கு வந்ததும் ஓய்வை இரண்டு நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாகக் குறையுங்கள். கடைசி மாதத்தில் 800 மீட்டரை 4:10-ல், இரண்டு நிமிட ஓய்வோடு மூன்று முறை ஓட முடிந்தால் தேர்வு நேரம் உங்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

கூடவே இன்னொரு வகை ஓட்டமும் பத்து நாளுக்கு ஒரு முறை வேண்டும். 15 முதல் 20 நிமிடம், சிரமம்தான் ஆனால் தாங்கக்கூடிய வேகத்தில். இரண்டு மூன்று சொல் பேசலாம், வாக்கியம் பேச முடியாது. இதை டெம்போ ஓட்டம் என்பார்கள். கால் எரிய ஆரம்பிக்கும் அந்த எல்லை பின்னுக்குத் தள்ளிப்போவது இதனால்தான். இது இருக்கும் வாரத்தில் 400 மீட்டர் சுற்றுகளை நாலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடின நாளுக்கு நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும்.

தேர்வுத் தூரத்தை முழுதாக ஓடிப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு முறை போதும். அதிலும் கற்றுக்கொள்ள வேண்டியது வேகத்தைப் பங்கிடுவது. விசில் அடித்ததும் எல்லோரும் பாய்வார்கள், நீங்களும் பாய்வீர்கள். முதல் ரவுண்டு 1:45, ஆகா என்று இருக்கும். இரண்டாவது 2:00. மூன்றாவது 2:10. நான்காவதில் கால் கனக்க ஆரம்பித்து 2:15. ஐந்தாவது 2:20. கடைசியில் உயிரைக் கொடுத்து ஓடியும் 2:15. கூட்டிப் பார்த்தால் 12:45, பதினைந்து வினாடியில் தேர்வு போய்விட்டது. முதல் ரவுண்டில் மிச்சம் பிடித்த 20 வினாடிக்கு மற்ற ரவுண்டுகளில் 35 வினாடி கொடுத்திருக்கிறீர்கள். இதே ஆள், இதே உடம்பு, முதல் ரவுண்டை 2:05-ல் அடக்கி ஓடினால் பாஸ். முதல் 200 மீட்டரில் ஒரு நிமிடத்துக்கு முன்பே கோட்டைத் தொட்டால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முன்னால் போகட்டும். நான்காவது ரவுண்டில் அவர்களில் பலர் உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

உங்கள் தேர்வில் ஷட்டில் ஓட்டமும் இருந்தால் திரும்புவதைத் தனியாகப் பழகுங்கள். கோட்டை நெருங்கும்போது இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலைப் பக்கவாட்டில் ஊன்றித் தள்ளித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே காலில் திரும்பினால் அந்த முழங்கால் சீக்கிரம் களைத்துவிடும், மாற்றி மாற்றித் திரும்புங்கள். 300 மீட்டர் போன்ற வேக ஓட்டம் இருந்தால் நேராக முழு வேகத்துக்குப் போகாதீர்கள். முக்கால் வேகத்தில் 60 மீட்டர், 80 மீட்டர் என்று பல வாரம் பழகிய பிறகுதான் முழு வேகம். இல்லையென்றால் தொடையின் பின்சதை இழுத்துக்கொள்ளும், அது ஒரு முறை இழுத்தால் திரும்பத் திரும்ப இழுக்கும்.

இனி அகாடமிக்குள் ஓடும் விதம். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அங்கே தனியாக ஓட மாட்டீர்கள். வரிசை கட்டி, அணியாக, இன்ஸ்ட்ரக்டர் வைக்கும் வேகத்தில் ஓட வேண்டும். சுலபமான வேகம் போலத்தான் தெரியும். ஆனால் உங்கள் காலின் நீளத்துக்கும் மூச்சின் தாளத்துக்கும் ஏற்ற வேகம் அது இல்லை. நெட்டையானவர்கள் அடியைச் சுருக்க வேண்டும், குட்டையானவர்கள் நீட்ட வேண்டும். வரிசையின் கடைசியில் இருப்பவர்கள் பாடு பெரும்பாடு. முன்னால் ஒருவர் கொஞ்சம் தாமதித்தால் அந்த இடைவெளி பின்னால் வரவர விரிந்துகொண்டே போகும். கடைசி ஆள் ஒரு நிமிடம் பாய்ந்து, அடுத்த நிமிடம் பிரேக் போட்டு, மறுபடி பாய வேண்டியிருக்கும். ஒரே தூரம்தான், ஆனால் முன்வரிசைக்காரருக்கு மெதுவோட்டம், பின்வரிசைக்காரருக்கு வேகப் பயிற்சி. இடத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் முன்பக்கம் நில்லுங்கள். விடாவிட்டால், முன்னால் இருப்பவர் முதுகை ஒட்டியே ஓடுங்கள், இடைவெளி விழ விடாதீர்கள்.

அதோடு ஓடிக்கொண்டே கோஷம் போட வேண்டும், எண்ணிக்கை கத்த வேண்டும். மூச்சு விடவே திணறுகிறவரால் கத்த முடியாது, கத்தாதவரை இன்ஸ்ட்ரக்டர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மேலே சொன்ன பேசிப் பார்க்கும் சோதனை அங்கே தினசரி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கடைசி இரண்டு மாதத்தில் வாரம் ஒரு நாளாவது இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து, வேகத்தை வேறொருவர் முடிவு செய்ய, நீங்கள் உரக்க எண்ணிக்கொண்டே ஓடிப் பழகுங்கள். இன்னொரு நாள் 20 தண்டால், 20 உட்கார்ந்து எழுதல், உடனே 400 மீட்டர் மெதுவோட்டம் என்று நான்கு சுற்று. களைத்த காலோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஓட்டத்துக்கு உதவும் பலப் பயிற்சி நீளமாக வேண்டாம், வாரம் இரண்டு நாள், 25 நிமிடம் போதும். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. மடக்கிச் செய்யும்போது கெண்டைக்காலின் உள்தசை வேலை செய்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அதிகச் சுமையைத் தாங்குவது அதுதான். கூடவே ஒற்றைக் காலில் படி ஏறுதல், படுத்து இடுப்பைத் தூக்குதல், பலகை போல உடலை நேராக நிறுத்துதல்.

ஷூ உங்கள் காலுக்குச் சௌகரியமாக இருந்தால் போதும், விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றுங்கள். பூட்ஸ் போடும் அகாடமி என்றால் அதை முன்பே வாங்கி நடந்து பழக்குங்கள், ஆனால் ஓட்டப் பயிற்சிக்கு அதைப் போட வேண்டாம். எடை குறைக்க நினைத்தால் மெல்லக் குறையுங்கள். பட்டினி கிடந்து ஓடுகிறவர்களுக்குத்தான் எலும்பு முதலில் விட்டுக்கொடுக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது "நன்றாகப் பயிற்சி செய்கிறோம்" என்பதற்கு அடையாளம் இல்லை, உணவு போதவில்லை என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், இரும்புச்சத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் பயிற்சி நடக்கும் அகாடமி என்றால் உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். குளிர்ந்த அறையில் டிரெட்மில்லில் மட்டும் ஓடிவிட்டு நேராக வெயிலில் இறங்காதீர்கள். ஓடும்போது குழப்பம், தள்ளாட்டம் வந்தால், அது உங்களுக்கு வந்தாலும் பக்கத்தில் ஓடுபவருக்கு வந்தாலும், ஓட்டத்தை நிறுத்தி உடனே உடலைக் குளிர்விக்க வேண்டும், மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனை. தசை சிதைந்து, அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதன் அறிகுறி அது, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் ஓட்டத்தின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். வேகத்தை மட்டும் கொஞ்சம் தொட்டுவையுங்கள், அதாவது 2:05 வேகத்தில் மூன்று 400 மீட்டர், நல்ல ஓய்வோடு. அந்தப் பத்து நாளில் புதிதாக எந்தத் திறனும் வராது, களைப்பு மட்டும் இறங்கும். அதுதான் வேண்டும். தேர்வன்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே, வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். பத்து நிமிட மெதுவோட்டமும் நாலைந்து குறுகிய வேக ஓட்டமும் ஓடிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

தேர்வு முடிந்து சேரும் நாள் வரை சில வாரமோ சில மாதமோ இடைவெளி இருக்கும். பாஸ் ஆன மகிழ்ச்சியில் ஓட்டத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஒரு வாரம் ஓய்வெடுங்கள், அப்புறம் மறுபடி வாரம் நான்கு நாள் மெதுவோட்டத்துக்கு வந்துவிடுங்கள், வேகப் பயிற்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே போன முதல் மாதம் நேர் எதிர்: அகாடமி தரும் ஓட்டத்துக்கு மேல் நீங்களாக எதுவும் ஓடாதீர்கள், கிடைக்கிற நேரத்தில் தூங்குங்கள். கணைக்காலில் அந்த ஒற்றைப் புள்ளி வலி தெரிந்தால், பின்தங்கிவிடுவோமே என்று மறைக்காமல் அன்றே சொல்லுங்கள். அப்போது சொன்னால் சில வார ஓய்வோடு போகலாம். மறைத்து ஓடி எலும்பு முழுதாக உடைந்தால் அந்த அணியோடு பயிற்சியை முடிக்க முடியாது, அடுத்த அணிக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.